நல்லக்கண்ணு கொண்டுவந்த இரும்பு

இருபத்திரண்டு வருடமாகப் பிரசவ அறையில் வேலை பார்க்கிறேன். அதில் மெத்தைக்கு அடியிலிருந்து நான் எடுத்துப் போட்டவை: கருக்கரிவாள், பாக்குவெட்டி, பூட்டு, சாவிக்கொத்து, சைக்கிள் கம்பி, ஒரு தடவை டிராக்டர் நட்டு. பிள்ளை பெறுகிறவள் பக்கத்தில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாதாம். கட்டிலே இரும்புதான், நாலு காலும் இரும்பு, அரசாங்கம் கொடுத்த இரும்பு என்று சொல்லிப் பார்த்தேன். அது செல்லாதாம். வீட்டு இரும்பாக இருக்க வேண்டுமாம். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் பெயர் ரஹ்மத் பீவி. திருப்பனந்தாளுக்குக் கிழக்கே, மண்ணியாற்றுக் கரையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். கோபக்காரி என்று ஊரில் பெயர். நியாயமான பெயர்தான், மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

என்னிடம் அதிகம் திட்டு வாங்கிய இரும்பு கீழத்தெரு அம்சத்தின் வீட்டு இரும்பு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாலு பக்கமும் அகன்று விரிந்த சிலுவை வடிவம். உடம்பு கறுப்பு, ஓரம் வெள்ளி. நடுவில் ஒரு ஸ்வஸ்திக், அதன் கீழே 1939. பின்பக்கம் 1813. மேலே இருக்கும் வளையத்தில் மஞ்சள் கயிறு. ஊரில் கடைவீதி அடகுக் கடை வாசலிலும் அதே குறி இருக்கிறது என்பதால், இது ராசியான சாமான் என்று யாரும் சந்தேகப்படவில்லை. அம்பத்து மூன்று பிரசவம் பார்த்த இரும்பு என்று அம்சம் சொல்லுவாள். அதில் பாதியை நான் பார்த்தேன் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள்.

அதைக் கொண்டுவந்தவர் அம்சத்தின் தாத்தா நல்லக்கண்ணு. இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்தோடு சமையல் ஆளாக ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போனவர். திரும்பி வந்து, வெள்ளைக்கார ராஜா தன் வீரத்துக்குக் கொடுத்த மெடல் என்று தெருவில் சொன்னார். குடித்திருந்தால், சாகக் கிடந்த சிப்பாய்க்குத் தண்ணீர் கொடுத்ததற்குக் கிடைத்தது என்பார். நிறையக் குடித்திருந்தால், கைதி ஒருவனிடம் இரண்டு டப்பா சிகரெட்டுக்கு மாற்றியது என்பார். இந்த மூன்றாவதுதான் உண்மை என்பது என் அபிப்பிராயம்.

அவர் மனைவிக்கு வலி எடுத்தது தை மாதம், அறுப்பு மும்முரம். தெருவில் இருந்த அத்தனை அரிவாளும் வயலில் இருந்தது. அடியில் வைக்க இரும்பு இல்லை. நல்லக்கண்ணு டிரங்குப் பெட்டியைத் திறந்து மெடலை எடுத்துப் பாய்க்கு அடியில் வைத்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. அன்றிலிருந்து அந்தப் பதவி அதற்கு நிரந்தரமாகிவிட்டது. தாயிடமிருந்து மகளுக்கு என்று இறங்கி அம்சத்திடம் வந்தது. கீழத்தெரு ஆள் கை பட்ட சொம்பைக் கழுவி எடுக்கிற மேலத்தெரு வீடுகள்கூட, நாள் நெருங்கினால் கொல்லைப்புறமாக ஆள் அனுப்பி இந்த இரும்பை வாங்கிப் போகும். இரும்புக்கு மட்டும் தீட்டு கிடையாது போலிருக்கிறது.

அம்சத்தின் மகள் தமிழ்நிலா நர்சிங் படித்தாள். தஞ்சாவூரில் ஜெர்மன் மொழி கற்று, நாலு வருடமாக ஜெர்மனியில் காசல் என்ற ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை. கல்யாணம் ஆகி, தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமே தாய்வீடு வந்துவிட்டாள். கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பதிந்தும் வைத்திருந்தார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லி ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள் அம்சம். நான் போனபோது புளி போட்டு அந்த இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்கு வேணாம்மா," என்றாள் தமிழ்நிலா. "அது ஜெர்மன்காரன் மெடல். இரும்புச் சிலுவைன்னே பேரு."

"ஜெர்மன்காரன் எதுக்கு நம்ம தாத்தாவுக்கு மெடல் குடுக்குறான்?"

"குடுக்கல. தாத்தா அவனுங்களுக்கு எதிர்ப்பக்கம் சோறாக்குனவரு."

அம்சம் இதற்கு அசரவில்லை. தேய்ப்பதையும் நிறுத்தவில்லை. நான்தான், சொல்லேன் கேட்போம் என்றேன். கோழிக் குழம்பு நன்றாக இருந்தது, எனக்கு அவசரமில்லை.

தமிழ்நிலா சொன்னாள். 1813இல் பிரஷ்யா என்ற தேசத்தின் ராஜா நெப்போலியனோடு சண்டைக்குப் போனார். கஜானா காலி. பெண்கள் தங்க நகையைக் கழற்றிக் கொடுத்து, பதிலுக்கு இரும்பு நகை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதனால் ராஜா மெடலையும் இரும்பிலேயே செய்யச் சொன்னார். அதுவரை ஆபீசருக்கு ஒரு மெடல், சிப்பாய்க்கு ஒரு மெடல். இது எல்லாருக்கும் ஒன்றே.

அம்சத்தின் புருஷன் ரெத்தினம் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். குத்தகைக்கு மூன்று ஏக்கர் சாகுபடி செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். "ரெண்டு டம்ளர எடுத்துட்டு ஒரே டம்ளர் வச்சிருக்கான்," என்றார்.

"ஆமாப்பா. அந்த ராஜா பொண்டாட்டி மூணு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போயிட்டாங்க. அவங்க பொறந்த நாள் தேதியத்தான் மெடலுக்குப் போட்டாரு. பத்துப் புள்ள பெத்தவங்க."

அம்சம் இப்போதுதான் தலை தூக்கினாள். "எந்தப் பிரசவத்துல போனா?"

"பிரசவத்துல இல்ல. நெஞ்சுல சளி கட்டி, காய்ச்சல்."

"பாத்தியா. பத்தையும் இரும்பு காப்பாத்தியிருக்கு."

"இரும்பு அவங்க செத்தப்பறம் வந்ததும்மா."

"முன்னாடியே வந்திருந்தா காய்ச்சலுக்கும் கேட்டிருக்கும்."

தமிழ்நிலா என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு துண்டு கோழி எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக நான் படும் பாட்டை ஒரு மத்தியானம் அவளும் படட்டும் என்று இருந்தது.

பிறகு அவள் சிரிக்காமல் பேசினாள். ஒவ்வொரு யுத்தத்துக்கும் அந்த வருடத்தைப் போட்டுப் புதிதாக அடித்தார்கள். 1939இல் ஹிட்லர் நடுவில் தன் கட்சிச் சின்னத்தைப் போட்டான். அந்தச் சின்னத்தை இன்றைக்கு அங்கே தெருவில் காட்டினால் கேஸ். யுத்தம் தோற்று, 1957இல் சட்டம் போட்டு, பழைய மெடல்காரர்கள் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டு, ஓக் மரத்து இலை போட்டதைத்தான் குத்திக்கொள்ளலாம் என்றார்கள்.

"நான் பாத்துக்குற அம்மா ஒருத்தங்க, தொண்ணூத்தி ரெண்டு வயசு. யூதக் குடும்பம். அவங்க அப்பா அதுக்கு முந்தின யுத்தத்துல சண்ட போட்டு இதே மெடல் வாங்கினவரு, 1914 போட்டது. போலீஸ் கூட்டிட்டுப் போக வந்தப்ப அதச் சட்டையில குத்திக்கிட்டுக் கதவத் தொறந்திருக்காரு. நாட்டுக்குச் சண்ட போட்டவன், இதப் பாத்தா விட்டுருவாங்கன்னு. விடல. திரும்பி வரவே இல்ல. அவருக்கும் அந்த இரும்பு காப்பாத்தும்னுதாம்மா நெனப்பு."

ரெத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்சம் இரும்பைத் தண்ணீரில் அலசினாள்.

"அவரு சட்டையில குத்தியிருக்காரு," என்றாள். "அடியில வைக்கணும்."

அடுத்த வாரம் அவள் அந்த இரும்பை எடுத்துக்கொண்டு என் தம்பி ஜாஹித்தின் வெல்டிங் பட்டறைக்குப் போயிருக்கிறாள். அவர்களே சின்னத்தை எடுத்துவிட்டார்கள் என்றால் நாமும் எடுத்துவிட்டால் சரிதானே என்பது அவள் நியாயம். ஜாஹித் கிரைண்டரைப் போட்டு ஒரு நிமிடத்தில் ஸ்வஸ்திக்கை மழித்துவிட்டான். ஜெர்மானியருக்கு யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆன காரியம். நடுவில் இப்போது ஒரு ரூபாய் அகலத்துக்கு வெறும் இரும்பு பளபளத்தது.

மகளிடம் காட்டினாள். தமிழ்நிலா அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"குறி போயிடுச்சு. எதுக்குக் குடுத்தாங்களோ அது போகலம்மா. இதுமேல படுத்துப் பெத்துட்டு நான் அந்த அம்மாவ எப்படிக் குளிப்பாட்டுவேன்? உனக்கு இரும்புதான வேணும்? அரிவாள் வையி. நான் ஒண்ணும் சொல்லல."

"அரிவாள் எங்கக்காவுக்கு வச்சோம்," என்றாள் அம்சம். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் புறநோயாளிகள் கூட்டம் கலைந்த பிறகு அம்சம் வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்கக்கா வேம்புக்கு அது தலைப்பிரசவம் சிஸ்டர். எனக்குப் பதினாலு வயசு. இரும்ப யாரு கேட்டாலும் குடுக்காதடின்னு அக்கா சொல்லியிருந்துச்சு. அக்காவுக்கு இன்னும் ஒரு மாசம் பாக்கி இருக்கேன்னு நெனச்சேன். மேலத்தெரு பெரிய வீட்டு ஞானாம்பாள் அம்மாவுக்கு வலின்னு ஆள் வந்துச்சு. நானே கொல்லச் சொவத்தத் தாண்டிப் போய்க் குடுத்தேன். அதிரசம் குடுத்தாங்க. சொவத்துமேல ஒக்காந்து தின்னேன். அன்னிக்கி மத்தியானமே அக்காவுக்கும் வலி கண்டுருச்சு. ஓடிப்போய்க் கேட்டேன். அம்மாவுக்கு இன்னும் ஆகல, இப்ப எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அரிவாள் வச்சோம். புள்ள பொறந்துச்சு. ரெத்தம் நிக்கல."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா?"

"மாட்டு வண்டி பூட்டுறதுக்குள்ள போயிருச்சு. புள்ளயும் மறுநா போயிருச்சு. பெரிய வீட்டுல சொகமா ஆம்பளப் புள்ள. அதான் நம்ம ராம்கி தம்பி. அதப் பாக்கயில எல்லாம் எனக்கு அதிரசம் ஞாபகம் வரும். யாரும் என்ன ஒரு வார்த்த கேக்கல சிஸ்டர். கேட்டிருக்கலாம்."

பிள்ளை பிறந்த பிறகு கருப்பை இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது, அதற்கு ஊசி வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும், இரும்புக்கு அங்கே வேலையே இல்லை என்று நான் சொன்னேன். மிகத் தெளிவாகச் சொன்னேன், படம்கூடப் போட்டுக் காட்டினேன். அவள் படத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரிங்க சிஸ்டர். அது அடியில இருந்தா போதும்," என்றாள்.

நான் ரகசியம் காப்பதில் கெட்டிக்காரி இல்லை. அன்று சாயங்காலமே தமிழ்நிலாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பெரியம்மா பிரசவத்தில் இறந்தது அவளுக்குத் தெரியும், அதிரசம் தெரியாது. "இத அம்மா மனசுலேருந்து எதப் போட்டு எடுக்குறது சிஸ்டர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த மருந்தில் அதற்கு ஒன்றும் இல்லை.

கார்த்திகையில் நாலு நாள் அடைமழை. சம்பா வயல்கள் எல்லாம் தண்ணீருக்குள். அஞ்சாம் நாள் காலை, குறித்த தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தமிழ்நிலாவுக்கு வலி கண்டது. கும்பகோணம் புறப்பட்ட கார் பாதி வழியில் எங்கள் வாசலில் நின்றது. இனி ஒரு கிலோமீட்டர்கூடத் தாங்காது என்று அவளே சொல்லிவிட்டாள். நர்ஸ் இல்லையா.

பிரசவ அறைக் கதவைச் சாத்தப் போனேன். அம்சம் முந்தானைக்குள்ளிருந்து அந்த இரும்பை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அவளுக்குத் தெரிய வேணாம். மெத்தைக்கு அடியில வச்சிருங்க. ஒங்க கால்ல விழுறேன் சிஸ்டர்."

விழுந்தாலும் விழுவாள் என்று வாங்கிக்கொண்டேன். வாங்கினால்தான் கதவைச் சாத்த முடியும். வைப்பதாக எனக்கு எண்ணமே இல்லை. பிள்ளை பெறுகிறவள் வேண்டாம் என்று சொன்ன பொருளை அவளுக்கு அடியில் வைக்க நான் யார்? ஓவர்கோட் பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பன்னிரண்டு இருபதுக்குப் பெண் பிள்ளை. இரண்டே முக்கால் கிலோ, நல்ல அழுகை. ஊசி போட்டேன், நஞ்சுக்கொடியும் முழுசாக வந்தது. பிறகு ரத்தம் வர ஆரம்பித்தது. வர வேண்டிய அளவு வந்து நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. வயிற்றில் கை வைத்தால் கருப்பை பிசைந்த மாவு மாதிரி தொளதொளவென்று கிடந்தது. அழுத்திப் பிசைந்தேன், கொஞ்சம் இறுகி மறுபடி தளர்ந்தது. டாக்டரம்மா ஓடி வந்தார். டிரிப்பில் மருந்து, அடுத்த ஊசி, அதற்கடுத்த ஊசி. 108க்குப் போன் செய்தாயிற்று. தமிழ்நிலாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"சிஸ்டர், யூட்ரஸ் இறுகலதான?" என்றாள். விஷயம் தெரிந்தவளுக்குப் பொய் சொல்ல முடியாது, அதுதான் கஷ்டம்.

"இறுகும். பேசாம படு."

டாக்டரம்மா என்னை விலக்கி இரண்டு கையாலும் தானே அழுத்தத் தொடங்கினார். நான் டிரிப்பை மாற்றப் போனேன். ரத்த அழுத்தம் எண்பது, பிறகு எழுபது. வாயில் பிஸ்மில்லாஹ் வந்தது. கையுறையைக் கழற்றினேன். கை ஓவர்கோட் பைக்குள் போனது. அந்த இரும்பை எடுத்தேன், மெத்தையைத் தூக்கினேன், உள்ளே தள்ளினேன். நான்தான் தள்ளினேன். இருபத்திரண்டு வருடம் எடுத்துப் போட்ட இதே கைதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் வெட்கம் இல்லை, பயம் மட்டும் இருந்தது.

மூன்று நாலு நிமிடத்தில் டாக்டரம்மா, "இறுகுது," என்றார். ரத்தம் குறைந்தது, சொட்டானது, நின்றது. கடைசி ஊசி வேலை செய்ய ஆகும் நேரம் அவ்வளவுதான். எனக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் ஊசியைத்தான் எழுதினேன்.

கொஞ்சம் தெளிந்ததும் தமிழ்நிலா கேட்டாள். "முதுகுல என்னமோ குத்துது சிஸ்டர்."

"பழைய கட்டிலு. போல்ட்டு."

அவள் கையைப் பின்னால் விட்டு மெத்தையைத் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

கும்பகோணத்தில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொல்ல வெளியே போனேன். அம்சம் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். பிள்ளை என்ன என்று கேட்கவில்லை.

"பொழச்சுக்கிட்டா," என்றேன். "நெறைய ரெத்தம் போச்சு. நின்னுடுச்சு."

"எப்ப வச்சீங்க சிஸ்டர்?"

நடந்ததை அப்படியே சொல்லியிருக்கலாம். பையில் இருந்தவரை ரத்தம் போனது, அடியில் போனதும் நின்றது. அவள் முப்பத்தாறு வருடமாக நம்பியதற்கு இதைவிட நல்ல சாட்சி கோர்ட்டில்கூடக் கிடைக்காது. வேம்பு செத்தது அந்த அதிரசத்தால்தான் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

"உள்ள போன ஒடனே வச்சிட்டேன்," என்றேன். "மொதல்லேருந்து அடியிலதான் கெடந்துச்சு."

"மொதல்லேருந்தா?"

"மொதல்லேருந்து."

அவள் நம்பவில்லை. என்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் 108 வந்துவிட்டது. தமிழ்நிலாவை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தார்கள். அம்சம் குறுக்கே போய் நின்றாள். மகள் தலையைத் தடவினாள்.

"நிலா, அது மொதல்லேருந்து அடியில இருந்துச்சா?"

தமிழ்நிலா என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்குப் பேசுவதற்கே சிரமமாக இருந்தது.

"இருந்துச்சும்மா. வலி ஆரம்பிச்சதுலேருந்து குத்திக்கிட்டே கெடந்துச்சு."

"இருந்துமா இவ்ளோ ரெத்தம் போச்சு?"

"இருந்துந்தாம்மா போச்சு. ஊசிலதான் நின்னுச்சு."

ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றினார்கள். ரெத்தினம் பிள்ளையைத் துணியோடு ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஏறினார். அம்சம் ஏறவில்லை, மழையில் நின்றபடி என்னைப் பார்த்தாள். அப்போது அவள் முகம் ஐம்பது வயதுக்காரி முகமாக இல்லை.

"அப்ப அக்காவுக்கும் போயிருக்கும்ல சிஸ்டர்? இரும்பு இருந்திருந்தாலும்?"

"போயிருக்கும். ஊசி இல்ல, வண்டி இல்ல. எந்த இரும்பு இருந்தாலும் போயிருக்கும்."

"நான் குடுத்ததுனால இல்ல."

"இல்ல."

"அதிரசம் தின்னதுனால இல்ல."

"இல்ல அம்சம்," என்றேன். அன்று அவளிடம் நான் சொன்ன பொய் முன்னதோடு முடிந்துவிட்டது. இது பொய் இல்லை.

அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாக அழுதாள். 108 டிரைவர் ஹாரன் அடித்தார். நான் அவள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டேன். இரும்பு ஞாபகம் வந்தது, எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"அங்கயே கெடக்கட்டும்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.